வெள்ளை வைனுக்கு மட்டிச் சொதி

கிண்ணியா மஹ்ரூப் தன் ஐம்பத்து நாலு வயதுக்குள் ஒரு சொட்டு வைன் நாக்கில் பட்டு அறியாதவர். ஆனால் நன்றாகக் குளிரவைத்த வெள்ளை வைனுக்கு என்ன சாப்பாடு பொருந்தும் என்று திருகோணமலையில் ஒருவருக்குத் தெரியுமென்றால் அது அவருக்குத்தான். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். ஓர்ஸ் ஹில் சரிவில், உள்துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் பன்னிரண்டு அறை ஹோட்டல் ஒன்றில் பதினாறு வருடமாக அவர்தான் தலைமைச் சமையல்காரர். ஐந்து நேரத் தொழுகை தவறாத மனிதர் குடிக்கிற இடத்தில் போய்ச் சமைக்கிறாரே என்று ஊரில் வாய் மெல்லுபவர்கள் உண்டு. "நான் மீன் சமைக்கிறன். மீனுக்குப் பக்கத்தில அவங்க என்னத்த வைச்சுக் குடிக்கிறாங்க எண்டது அவங்கட பாடு," என்பார். பன்றி இறைச்சிக்கு வேறு ஆள், வேறு சட்டி. வைன் ஊற்றிச் சமைக்கச் சொல்லும் வெளிநாட்டுக் குறிப்புகளில், வைன் வருகிற இடத்தில் இவர் இளநீரும் தேசிக்காய்ச் சாறும் ஊற்றுவார். இன்றுவரை ஒரு வெள்ளைக்காரனும் கண்டுபிடித்ததில்லை.

வைனுக்குச் சாப்பாடு பொருத்துவதைப் பெரிய ஹோட்டல்காரர்கள் ஏதோ பெரிய வித்தை என்பார்கள். வித்தையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. திரும்பி வரும் தட்டையும் கிளாஸையும் சேர்த்துப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். கிளாஸ் காலியாகித் தட்டில் பாதி கிடந்தால் உறைப்புக் கூடிவிட்டது. மனிசன் நெருப்பணைக்கக் குடித்திருக்கிறான். தட்டு காலியாகிக் கிளாஸில் பாதி நின்றால் பழப்புளி கூடிவிட்டது. புளிக்குழம்பும் வெள்ளை வைனும் ஒரே வாய்க்குள் இருக்கச் சம்மதிக்காது. இரண்டும் ஒன்றாகக் காலியாகி வந்தால், அன்றைக்கு மஹ்ரூப் தனக்கென்று நல்ல தேத்தண்ணி ஒன்று ஊற்றிக்கொண்டு ஐந்து நிமிடம் கதிரையில் உட்காருவார்.

ஆனால் தட்டு சொல்வது எல்லாம் சாப்பிட்டு முடிந்த பிறகுதான். அடுப்பு மூட்டுமுன்னே சொல்ல ஒரு நாக்கு வேண்டும். அந்த நாக்கு இராகுலனுடையது.

இராகுலன் அன்புவழிபுரத்துக்காரன். பதினொரு வருடம் பயணிகள் கப்பலில் மேசை பார்த்துவிட்டு ஊருக்கு வந்து, மஹ்ரூப் சேர்ந்த அதே வருடம் இந்த ஹோட்டலில் மேசை பார்க்கச் சேர்ந்தவன். கப்பலில் ஒரு இத்தாலியனிடம் வைன் ருசிக்கப் பழகியிருந்தான். குடிகாரன் இல்லை, வாயில் எடுத்து, உருட்டி, துப்பிவிடுகிறவன். கொழும்பிலிருந்து புதுப் பெட்டி வந்து இறங்கினால், காலைச் சாப்பாடு ஓய்ந்து மத்தியானச் சமையல் தொடங்குமுன், பத்தரை மணிக்கு இருவரும் குசினியின் பின்படியில் உட்காருவார்கள். இராகுலன் போத்தலைத் திறந்து இரண்டு விரல் அளவு ஊற்றுவான். வாயில் எடுப்பான். கீழே இருக்கும் குரோட்டன் செடிக்குள் துப்புவான். பிறகு துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு, 'நானா' என்று அண்ணன் முறை வைத்துச் சொல்லத் தொடங்குவான்.

"முதல்ல பச்சை மாங்காய், நானா. பால் காயாத பச்சை. பிறகு தேசிக்காய்த் தோல். கடைசியில உப்பு. கடலில குளிச்சிட்டு வந்து சொண்டை நக்கினா வருமே, அந்த உப்பு."

மஹ்ரூப் கண்ணை மூடிக் கேட்பார். கேட்கக் கேட்க அவருக்கு வாய் ஊறும். குடிக்காத மனிதனுக்கு வைனை அப்படிச் சொல்லிக் காட்ட ஒருவன் பிறந்திருக்க வேண்டும். "பியர்ஸ், அப்ரிகோட்" என்று போத்தலின் முதுகில் அச்சடித்திருப்பதை இராகுலன் ஒரு நாளும் வாசித்துக் காட்டியதில்லை. மஹ்ரூப் தின்று வளர்ந்த பொருட்களை வைத்தே சொல்வான்: ஜம்பு, கொய்யாக்காய், மழை பெய்த மண், தோடம்பழத் தோல். போயா என்ற பௌர்ணமி விடுமுறை நாளில் போத்தல் திறக்கக் கூடாது. அன்றைக்கு அதே படியில் தேத்தண்ணியோடு உட்கார்ந்து, முதல் நாள் ருசித்ததைப் பற்றிக் கதைப்பார்கள்.

மட்டிச் சொதி பிறந்தது அந்தப் படியில்தான். பச்சை மாங்காயும் கடல் உப்பும் என்று இராகுலன் சொன்ன வைனுக்கு என்ன கொடுப்பது என்று மஹ்ரூப் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் காலை தம்பலகாமக் குடாவில் அள்ளிய மட்டியைக் கிண்ணியாவில் வாங்கி, மோட்டார் சைக்கிளில் ஈரச் சாக்குக்குள் வைத்துப் பாலம் கடந்து கொண்டுவந்தார். தாளிப்பு இல்லை, மிளகாய்த்தூள் இல்லை. தேங்காயின் தண்ணிப் பாலில் வெங்காயம், கீறிய பச்சை மிளகாய் ஒன்றே ஒன்று, மஞ்சள் சிட்டிகை. மட்டி வாய் திறந்ததும் முதல் பால் விட்டு, இறக்கிய பிறகு தேசிக்காய். பக்கத்தில் இடியப்பம், வல்லாரைச் சம்பல். அன்று பத்துத் தட்டும் பத்துக் கிளாஸும் நக்கியது போலத் திரும்பி வந்தன. இராகுலன் ஒரு கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "நானா, இதுக்குள்ள ஒண்டும் மிச்சமில்ல, கழுவவும் தேவையில்ல," என்றான்.

அந்த இராகுலனுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. சாப்பிட்ட பிறகு ஒரு வாய் வெற்றிலை, புகையிலைத் துண்டோடு. ருசி பார்க்கும் நாட்களில் மட்டும் காலையில் போடமாட்டான், நாக்குக் கெட்டுவிடுமாம். போன வருட சீசன் நடுவில் கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு படை தெரிந்தது. பிறகு அது ஆறாத புண்ணானது. டொக்டரிடம் காட்டச் சொல்லி மஹ்ரூப் மூன்று தரம் சொன்னார். "சீசன் முடியட்டும் நானா," என்றான். நாலாம் தரம் மஹ்ரூப் சொல்லவில்லை. ஒரு ஆளை எத்தனை தரம்தான் நச்சரிப்பது என்று விட்டுவிட்டார். அதை நினைத்தால் இப்போதும் அவருக்குத் தன் மேல்தான் கோபம் வருகிறது.

சீசன் முடிந்தது. கொழும்புப் பக்கம் கொண்டுபோய்க் கன்னத்தில் வெட்டினார்கள். பிறகு கதிர்ச்சிகிச்சை, முப்பது நாள். பங்குனியில் இராகுலன் திரும்பி வந்தபோது சட்டை அவன் மேல் காயப்போட்டது போல இருந்தது. பேச்சு கொஞ்சம் தடித்திருந்தது, மற்றபடி அவனேதான். வந்தவுடன் குசினிக்குள் நுழைந்து, "நானா, மட்டி இருக்கா?" என்று கேட்டான். மஹ்ரூப் இருந்த வேலையெல்லாம் போட்டுவிட்டுச் சொதி வைத்துக் கொடுத்தார். இராகுலன் பின்படியில் உட்கார்ந்து ஒரு கரண்டி வாயில் வைத்தான். இன்னொரு கரண்டி வைத்தான். பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டு அழுதான்.

"ஒண்டும் தெரியேல்ல நானா. கடுதாசியை நனைச்சுத் தின்னுற மாதிரி இருக்கு. மணமும் இல்ல. சீனியும் ஒண்டு, உப்பும் ஒண்டு."

"டொக்டர் என்ன சொன்னவர்?"

"வந்தா வரும், வராட்டி இல்லையாம்." இராகுலன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதீங்க. நாக்கு இல்லாதவனை வைச்சு இவங்க என்ன செய்யப் போறாங்க?"

மஹ்ரூப் யாருக்கும் சொல்லவில்லை. வீட்டில் மனைவி சுஹைராவுக்கு மட்டும் சொன்னார். அவள், "அல்லாஹ் குடுப்பான்," என்று சொல்லிவிட்டு அன்று முழுவதும் சமைத்ததைச் சரியாகத் தின்னாமல் இருந்தாள்.

சித்திரையில் மனேஜர் துவாரகன் இருவரையும் கூப்பிட்டான். முப்பத்திரண்டு வயது, கெட்டவன் இல்லை, மேலே இருப்பவர்களுக்குப் பயந்தவன். கொழும்பில் ஒரு சுற்றுலாக் கம்பனியிலிருந்து ஆறு பேர் வருகிறார்களாம். துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு மத்தியானச் சாப்பாடு, ஒரே வெள்ளை வைன், அதற்குப் பொருந்தும் ஐந்து தட்டு. அவர்களுக்குப் பிடித்துவிட்டால் சீசன் முழுக்க ஆட்களை அனுப்புவார்கள்.

"மஹ்ரூப் நானா சமைப்பார், அதில எனக்குக் கவலையில்ல," என்றான். பிறகு இராகுலனைப் பார்க்காமல், "இராகுலன் அண்ணை, நீங்க வைனைப் பற்றி வழமையாக் கதைக்கிற மாதிரிக் கதைக்கவேணும். முதலாளி கேட்டவர், கன்னத்தில வெட்டின வருத்தக்கார ஆளை ஏன் மேசையில வைச்சிருக்கிறாய் எண்டு. நான்தான் சொன்னனான், அவரைப்போல வைன் தெரிஞ்ச ஆள் இந்தப் பக்கம் இல்லை எண்டு. இது சரி வந்தா ஒருத்தரும் உங்களை அசைக்க ஏலாது. சரி வராட்டி, என்ர கையில ஒண்டும் இல்ல," என்றான்.

வெளியே வந்ததும் இராகுலன் சிரித்தான். பயப்பட ஒன்றுமில்லையாம். வரப்போவது அதே வைன்தான், மட்டிச் சொதிக்குப் பிறந்த அதே பச்சை மாங்காய். இரண்டு வருடம் வாயில் இருந்த ருசி மனப்பாடம். ஸ்கூல் பிள்ளை மாதிரி ஒப்புவித்துவிடலாம்.

புதுப் பெட்டி விருந்துக்கு முதல் நாள் பின்னேரம் வந்து இறங்கியது. ஹபரணையில் வான் பழுதாகி, ஒன்றரை நாள் சித்திரை வெயிலில் பூட்டிய வானுக்குள் அந்தப் பெட்டி கிடந்ததை றைவர் யாரிடமும் சொல்லவில்லை. பேச்சு வாங்கப் பயந்திருப்பான். அது தெரியவந்தது எல்லாம் முடிந்த பிறகு.

விருந்தன்று காலை பத்தரைக்கு வழக்கம் போலப் பின்படியில் உட்கார்ந்தார்கள். மட்டி அடுப்பில் இருந்தது. கணவாய் சுடத் தணல் போட்டாகிவிட்டது. இராகுலன் போத்தலைத் திறந்து இரண்டு விரல் ஊற்றி, வாயில் எடுத்து, பழையபடியே உருட்டி, குரோட்டனுக்குள் துப்பினான். துறைமுகத்தைப் பார்த்தான். சொல்ல ஒன்றும் வரவில்லை.

"நானா," என்றான் மெதுவாக. "ஒண்டு கேப்பன், கோவிக்கக் கூடாது. ஒரு சொட்டு. நாக்கு நுனியில வைச்சிட்டுத் துப்பிப்போடுங்க. விழுங்கவேணாம். அதேதானா எண்டு மட்டும் சொல்லுங்க, காணும்."

 இந்தத் தம்பி பதினாறு வருடத்தில் மஹ்ரூபிடம் கேட்ட முதல் உதவி இது. அவருடைய மகளின் கலியாணத்துக்கு ஒரு கிழமை லீவு போட்டுக் கிண்ணியாவில் வந்து நின்று பந்தி பார்த்தவன். பாலம் வெள்ளத்தில் மூடியபோது தன் வீட்டு அறையைக் கொடுத்து, தொழப் பாய் விரித்து வைத்தவன்.

"தம்பி, அது மட்டும் ஏலாது," என்றார். "வேற என்னத்தையும் கேளுங்க. என்ர கையக் கேட்டாலும் வெட்டித் தருவன். இது ஏலாது."

"ஓம் நானா. பிழை என்னில. நான் கேட்டிருக்கக் கூடாது."

இராகுலன் கிளாஸை இருவருக்கும் நடுவில் படியில் வைத்தான். அப்போது துறைமுகப் பக்கமிருந்து காற்று எழும்பியது. கிளாஸின் மணம் மஹ்ரூபின் மூக்குக்கு வந்தது.

மணத்துக்குப் பாவமில்லை. இரண்டு வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததில் அந்த வைனின் மணம் அவருக்கு நன்றாகத் தெரியும். தேசிக்காய்த் தோலை நகத்தால் கீறின மணம். இது அதில்லை. கனிந்து நிலத்தில் விழுந்து, வெயிலில் கிடந்து வெந்துபோன பழத்தின் மணம் இது. ஸ்டோரில் போன சீசனில் மிஞ்சிய வேறு வெள்ளை வைன் எட்டுப் போத்தல் சும்மா கிடந்தது. ஒரு வார்த்தை சொன்னால் மாற்றிவிடலாம்.

"அதே சாமான்தான்," என்றான் இராகுலன். சொல்லிவிட்டு மஹ்ரூபின் முகத்தைப் பார்த்தான்.

மஹ்ரூப் வாயைத் திறந்தார். ஆனால் என்ன வாயால் சொல்வது? ஒரு சொட்டு நாக்கில் வைக்கமாட்டேன் என்று இப்போதுதான் சொல்லியிருக்கிறார். நாக்கில் வைக்காதவன் கெட்டுவிட்டது என்று சொல்ல என்ன உரிமை? வைனைப் பற்றிய சொல் எப்போதும் இராகுலனுடையது, கைதான் இவருடையது. அதை இருவரும் ஒரு நாளும் மாற்றியதில்லை. கையெல்லாம் மட்டி நாற்றம், தணல் புகை வேறு, தன் மூக்குத்தான் பிழையோ என்றும் ஒரு எண்ணம். எல்லாவற்றுக்கும் மேலே, இரண்டடி தள்ளி இருக்கிற ஆளுக்கு அடிக்கிற மணம் கிளாஸை வாயில் வைத்த இவனுக்குத் தெரியவில்லை என்பதை அவன் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது?

"மட்டி கொதிக்குது," என்று சொல்லி எழுந்து குசினிக்குள் போய்விட்டார்.

அந்த மத்தியானம் மஹ்ரூப் சமைத்தது போலத் தன் வாழ்நாளில் சமைத்ததில்லை. தணலில் சுட்டு உப்பும் தேசிக்காயும் பிழிந்த கணவாய். தேங்காய்ப்பூவோடு பிரட்டிய நண்டுச் சதை. வாழையிலையில் சுற்றி ஆவியில் வைத்த விளைமீன். வல்லாரைச் சம்பல். கடைசியில் இடியப்பமும் மட்டிச் சொதியும். தட்டு கொடுக்கும் சின்ன யன்னலால் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். இராகுலன் வெள்ளைச் சட்டையில் நிமிர்ந்து நின்று ஆங்கிலத்தில் கதைத்துக்கொண்டிருந்தான். பச்சை மாங்காய், தேசிக்காய்த் தோல், சொண்டில் காயும் கடல் உப்பு. ஒரு சொல் பிசகவில்லை. ஆறு பேரும் அவனையே பார்த்துக் கேட்டார்கள். கேட்டுவிட்டுக் கிளாஸை எடுத்து வாயில் வைத்தார்கள்.

ஆளையாள் பார்த்துக்கொண்டார்கள்.

அவர்களில் ஒரு பெண்மணி, நரைத்த முடி, நல்ல மனுஷி, மிகத் தன்மையாகக் கேட்டார், "இந்தப் போத்தலை இன்றைக்கு நீங்கள் ருசி பார்த்தீர்களா?"

"ஓம் மெடம், காலமை பத்தரைக்கு," என்றான் இராகுலன். பெருமையோடு சொன்னான்.

 அந்தப் பெண்மணி தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அதற்குப் பிறகு திரும்பி வந்த தட்டுகளில் ஒரு மட்டி ஓட்டில் கூடச் சதை மிஞ்சவில்லை. கிளாஸ்கள் ஆறும் ஊற்றியபடியே நிரம்பி வந்தன. பதினாறு வருடத்தில் மஹ்ரூப் அப்படி ஒரு தட்டத்தைப் பார்த்ததில்லை. 

கொடுமை அதோடு முடியவில்லை. சமையல்காரரைப் பார்க்கவேண்டும் என்றார்கள். மஹ்ரூப் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு மேசைப் பக்கம் போனார். ஆறு பேரும் எழுந்து கைதட்டினார்கள். துவாரகனும் தட்டினான். தோளில் துணியோடு சுவர் ஓரமாக நின்ற இராகுலனும், எதுவும் தெரியாமல், எல்லாரையும் விடக் கூடுதலாகத் தட்டினான்.

பின்னேரம் துவாரகன் மிச்சப் போத்தல் ஒன்றை மணந்து பார்த்து, இராகுலனைத் தனியே கூப்பிட்டுக் கேட்டான். இராகுலன் ஒளிக்கவில்லை, உள்ளதைச் சொல்லிவிட்டான். சத்தம் போட்டு ஏசியிருந்தால் கூடத் தாங்கியிருக்கலாம். துவாரகன் கண்கலங்கி மன்னிப்புக் கேட்டான். அடுத்த நாளிலிருந்து இராகுலனுக்கு வாசல் வேலை. வருபவர்களுக்குக் கேற் திறந்து, பெட்டி தூக்கவேண்டும். கம்பனிக்காரர் சாப்பாட்டுக்காக மட்டும் ஆட்களை அனுப்பச் சம்மதித்தார்கள். அதைத் துவாரகன் குசினியில் வந்து சொன்னபோது மஹ்ரூப் நிமிராமல் மட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

இராகுலன் மூன்று கிழமை வாசலில் நின்றான். பின்படிக்கு ஒரு நாளும் வரவில்லை. நாலாம் கிழமை வேலைக்கும் வரவில்லை. மஹ்ரூப் போய்ப் பார்க்கவேண்டும் என்று ஒவ்வொரு வெள்ளியும் நினைப்பார். ஜும்மா முடிந்து மோட்டார் சைக்கிளை எடுப்பார். அன்புவழிபுரத்துக்குத் திரும்பும் சந்தி வந்ததும் கை தானாக நேரே பிடித்துவிடும். போய் என்ன சொல்வது?

ஆவணி மாதம் குசினியைக் கழுவியபோது, பின்படிக்குப் பக்கத்தில் காஸ் சிலிண்டருக்குப் பின்னால் அந்தப் போத்தல் கிடைத்தது. அன்று காலை திறந்தது, முக்கால் நிறைய, மூடி இல்லை. மிச்சம் இருப்பதை ஊற்றிப் போத்தலை ஒதுக்குவது எப்போதும் இராகுலன் வேலை. மஹ்ரூப் அதைத் தொடமாட்டார்; மற்றவர்களுக்கு அது அங்கே இருப்பதே தெரியாது. இப்படியே நாலு மாதம் கிடந்திருக்கிறது. மூக்குக்கு வந்தது வைன் மணமில்லை. நல்ல வினாகிரி மணம், அச்சாறு போடலாம் போல.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு மஹ்ரூப் பள்ளிவாசலில் மௌலவியிடம் கேட்டார். மௌலவி கொஞ்சம் யோசித்துவிட்டு, "மனிசன் கை வைச்சு ஒண்டும் போடாம, தானாகவே மாறிட்டா அது வினாகிரிதான். ஹலால்தான். ஏன் கேக்கிறீங்க?" என்றார். "சும்மா," என்றார் மஹ்ரூப். இத்தனை வருடமாகத் தொடக்கூடாத ஒன்று, யாரும் கவனிக்காமல் மூலையில் கிடந்து, தொடக்கூடியதாக மாறிவிட்டது. எல்லாம் முடிந்த பிறகு மாறி என்ன பயன் என்று அவருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அடுத்த நாள் காலை சின்னக் கரண்டியில் ஒரு சொட்டு எடுத்துப் பிஸ்மி சொல்லி நாக்கில் வைத்தார். புளித்தது. புளிப்புக்குக் கீழே வேறு எதையோ தேடினார். மாங்காயா, தேசிக்காயா, உப்பா? சொல்லித்தர ஆள் இல்லாமல் அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

அந்த வெள்ளி கை நேரே பிடிக்கவில்லை. ஒரு தூக்குச்சட்டியில் மட்டிச் சொதியோடு அன்புவழிபுரத்துக்குத் திரும்பினார்.

இராகுலனின் மனைவி சுலோஜனா கேற்றைத் திறந்து, "வாங்கோ நானா. உங்களை எத்தனை தரம் கேட்டவர் தெரியுமே?" என்றாள். இராகுலன் முன்னறையில் கதிரையில் இருந்தான். இன்னும் மெலிந்திருந்தான். நோய் திரும்பவில்லையாம், அது ஒன்றுதான் ஆறுதல். ருசியும் திரும்பவில்லை. மஹ்ரூப் வினாகிரிக் கதையைச் சொன்னார். இராகுலன் கண் விரியக் கேட்டான்.

"அப்ப நானா, கடைசியில வைச்சுப் பாத்திட்டீங்க! சொல்லுங்க, எப்பிடி இருந்தது? வடிவாச் சொல்லுங்க."

மஹ்ரூப் சொல்ல முயன்றார். புளி என்றார். பிறகு நிறுத்தினார். தரையைப் பார்த்துக்கொண்டு, "தம்பி, அண்டைக்கே எனக்குத் தெரியும்," என்றார். "கிளாஸை நடுவில வைச்சீங்கதானே, அப்பவே மணத்தில தெரிஞ்சது. வெந்துபோன மணம். ஸ்டோரில வேற போத்தல் கிடந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தாக் காணும். நான் சொல்லேல்ல. உங்கட மனம் நோகுமெண்டு சொல்லேல்ல."

 இராகுலன் கோபித்திருந்தால் நல்லதாக இருந்திருக்கும். அவன் கோபிக்கவில்லை.

"நான் உங்கட முகத்தைப் பாத்தனான், நானா," என்றான். "வாயில ஒண்டும் தெரியேல்ல. நீங்க குடிக்கமாட்டீங்க எண்டும் தெரியும். ஆனா கெட்டிருந்தா நானாட முகத்தில தெரியும் எண்டு நினைச்சன். கிளாஸை வேணுமெண்டுதான் உங்களுக்குக் கிட்ட வைச்சனான். நீங்க ஒண்டும் சொல்லாம எழும்பிப் போனீங்க. அப்ப நல்லதுதான் எண்டு நினைச்சுப் போய்க் கதைச்சன்."

 இனி மஹ்ரூப் என்ன சொல்லி எதை மாற்றுவது? உள்ளே சுலோஜனா தட்டுகளை எடுக்கும் சத்தம் கேட்டது. அவள் இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து இராகுலன் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

இராகுலன் கரண்டியால் சொதியை அள்ளி வாயில் விட்டான். மெதுவாக உருட்டினான், அந்தக் காலத்தில் படியில் இருந்து உருட்டுவது போலவே. விழுங்கிவிட்டு, எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள மஹ்ரூபின் முகத்தைப் பார்த்தான்.

தன் முகத்தை என்ன செய்வதென்று மஹ்ரூபுக்குத் தெரியவில்லை.